ஆட்டோ ஆப்பின் வரலாறும் நம் கூட்டமைப்பும்



இந்த மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். நம் கூட்டமைப்பு வளர்ந்த கதையை மற்ற சகோதரிகள் எழுதுகிறார்கள். அதனால் நான் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். கைபேசியில் தட்டினால் ஆட்டோ வாசலுக்கு வருகிறதே, சாப்பாடு வருகிறதே, அந்த ஆப் எப்படி உருவானது என்கிற வரலாறு. பேப்பரில் 'செயலி' என்று எழுதுகிறார்கள். நாம் பேசுவது போல ஆப் என்றே எழுதுகிறேன்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. நம்மில் ஆட்டோ ஓட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். மெஸ் நடத்துகிறவர்கள், மாவு அரைத்து விற்கிறவர்கள், மசாலாப் பொடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "கம்பெனிக்காரங்களுக்குக் கமிஷன் கட்டுறதுக்கு நாமளே ஒரு ஆப் செஞ்சா என்ன?" என்ற கேள்வி நம் கூட்டங்களில் வந்துகொண்டே இருக்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு எடுக்கப்போவது கூட்டமைப்பின் நிதி. மாதாமாதம் சேமிப்பும் சந்தாவும் கட்டி வந்த பணம். அதைத் தொடுவதற்கு முன், ஏற்கெனவே இந்த வேலையைச் செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நம் கடமை.

நான் சில வருடம் நம் கூட்டமைப்பில் பொருளாளராக இருந்தவள். என் மகள் ஓசூரில் ஆட்டோ ஓட்டுகிறாள். ஆகவே இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஆப்புக்கு முன்னாலேயே பகிர்வு இருந்தது

'பகிர்வுப் பொருளாதாரம்' என்று இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். விஷயம் நமக்குப் புதிதல்ல. தனியாக வண்டி வைக்க முடியாதவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்து, தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போவது பகிர்வுதான். ஷேர் ஆட்டோவும் பகிர்வுதான்.

டெலிவரிக்கும் பழைய உதாரணம் உண்டு. மும்பையில் டப்பாவாலாக்கள் 1890 முதல் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். நன்றாக நடந்த காலத்தில் சுமார் 5,000 பேர் சேர்ந்து தினமும் சுமார் 2 லட்சம் டப்பாக்களைக் கொண்டுபோனார்கள். அவர்களிடம் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. டப்பா மூடியில் எழுதிய குறியீடுதான் எல்லாமே. எந்த ஸ்டேஷனில் இறக்க வேண்டும், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று அந்தக் குறி சொல்லிவிடும். பல கை மாறியும் டப்பா சரியான ஆளிடம் போய்ச் சேரும். ஆள்கள் ஒழுங்காக அமைந்துவிட்டால், கருவி எளிமையாக இருந்தாலும் வேலை நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

அதன்பின் நகரங்களில் கால் டாக்ஸி வந்தது. ஒரு அலுவலகம், ஒரு போன், ஒரு நோட்டு. போன் எடுப்பவர் முகவரி எழுதிக்கொண்டு டிரைவரைக் கூப்பிடுவார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. எந்த வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவில் ஒரு வண்டி காலியாக நிற்கும், அஞ்சு கிலோமீட்டர் தூரத்திலிருந்து இன்னொரு வண்டி வரும். காலியாக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் டிரைவருக்கு நஷ்டம். ஆப் தீர்த்து வைத்தது இந்தச் சிக்கலைத்தான்.

ஆப் எப்படி வேலை செய்கிறது

ஆப் வருவதற்குச் சில வசதிகள் முதலில் வர வேண்டியிருந்தது. ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க ராணுவத்துக்காக ஏற்பட்ட செயற்கைக்கோள் முறை. பொதுமக்களுக்குக் கிடைத்த இடத் தகவலில் வேண்டுமென்றே கொஞ்சம் பிழை வைத்திருந்தார்கள். 2000 மே மாதம் அந்தப் பிழையை எடுத்துவிட்டார்கள். ஒரு வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று சொல்ல முடிந்தது அதற்குப் பிறகுதான். 2008-இல் ஸ்மார்ட்போனில் ஆப் இறக்கிக்கொள்ளும் கடைகள் வந்தன. நம் நாட்டில் 2016-இல் யு.பி.ஐ. வந்தது. அதே வருடம் இணையக் கட்டணமும் ஒரேயடியாகக் குறைந்தது. இவ்வளவும் சேர்ந்ததால்தான் ஆட்டோ ஓட்டுகிறவர் கையிலும் ஆப் வந்தது.

நம் கண்ணுக்குத் தெரிவது இரண்டு ஆப். பயணிக்கு ஒன்று, ஓட்டுநருக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் சர்வர் என்கிற கணினி இருக்கிறது. பயணி தட்டியதும் அது பக்கத்தில் இருக்கும் வண்டிகளைப் பார்க்கும். தூரத்தைக் கணக்குப் போட்டு, கட்டணம் சொல்லி, ஒரு ஓட்டுநருக்கு அழைப்பு அனுப்பும். அவர் ஏற்றுக்கொண்டால் பயணிக்கு ஓ.டி.பி. எண் போகும். இறங்கியதும் கணக்கு முடியும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நடுக் கணினியில் நாலு முடிவுகள் நடக்கின்றன.

1. எந்த ஓட்டுநருக்குச் சவாரி கொடுப்பது?
2. கட்டணம் எவ்வளவு?
3. அதில் ஆப்புக்கு எவ்வளவு?
4. புகார் வந்தால் யாரை, எத்தனை நாள் நிறுத்தி வைப்பது?

ஆப்பின் வரலாறு என்பது இந்த நாலு முடிவும் யார் கையில் இருக்கிறது என்பதன் வரலாறுதான். மீதிக் கதையை இந்தக் கண்ணோடு படியுங்கள்.

கம்பெனிகள் வந்த கதை

ஊபர் 2009-இல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கியது. 2010-இல் அங்கே சவாரி ஆரம்பித்தது. அதே 2010 கடைசியில் நம் நாட்டில் ஓலா மும்பையில் தொடங்கியது. 2013-இல் ஊபர் பெங்களூருக்கு வந்தது. 2014-இல் அதே பெங்களூரில் சாப்பாடு கொண்டுவரும் ஸ்விக்கி தொடங்கியது. 2015-இல் ராபிடோ பைக் சவாரியோடு வந்தது.

இவர்களிடம் முதலீட்டாளர்களின் பணம் நிறைய இருந்தது. பயணிக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள். ஓட்டுநருக்கு இத்தனை சவாரி முடித்தால் இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுத்தார்கள். நல்ல வருமானம் வந்ததைப் பார்த்துப் பலர் தவணையில் கார் எடுத்தார்கள். வண்டிகள் அதிகமான பிறகு ஊக்கத்தொகை குறைந்தது, கமிஷன் அப்படியே நின்றது. தவணை மட்டும் மாதாமாதம் வந்தது. 2017 பிப்ரவரியில் டெல்லியிலும் பெங்களூரிலும் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் போய் வண்டி ஓட்டுகிறவர்கள் பலர். அந்த நாள்களை அவர்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பெண்களாகிய நாம் மறக்கக்கூடாத தேதி ஒன்றும் உண்டு. 2014 டிசம்பரில் டெல்லியில் ஆப் மூலம் பிடித்த காரில் ஒரு பெண் பயணி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். டெல்லி அரசு அந்தச் சேவைக்குத் தடை போட்டது. ஓட்டுநரின் பின்னணியைச் சரிபார்ப்பது, அவசரப் பொத்தான், பயணத்தை வீட்டாருக்குத் தெரியப்படுத்துவது போன்றவை அழுத்தமாகப் பேசப்பட்டது அதற்குப் பிறகுதான். யார் ஓட்டுநர் என்று விசாரித்து அறிவதை எந்தக் கணினியும் தானாகச் செய்யாது. அதை ஆள்தான் செய்ய வேண்டும்.

நாலாவது முடிவைப் பற்றி என் மகள் கதையைச் சொல்கிறேன். ஒரு ஆப்பில் அவள் கணக்கை மூன்று நாள் முடக்கி வைத்தார்கள். பயணி ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார் என்று செய்தி வந்தது. என்ன புகார், எந்தச் சவாரி, யாரிடம் பதில் சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. "போன் பண்ணினா மெஷின்தாம்மா பேசுது" என்றாள். மூன்றாம் நாள் தானாகவே கணக்கு திறந்தது. ஏன் மூடினார்கள் என்றும் தெரியாது, ஏன் திறந்தார்கள் என்றும் தெரியாது. நம் குழுவில் ஒரு சகோதரி தவணை கட்டவில்லை என்றால் என்ன செய்கிறோம்? கூட்டத்தில் உட்கார வைத்து, "என்ன ஆச்சு, சொல்லு அக்கா" என்று கேட்கிறோம். அவர் சொன்னதையும் நாம் முடிவு செய்ததையும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். நமக்குப் பழக்கமான இந்த முறை, கோடிக்கணக்கில் பணம் போட்ட அந்த ஆப்பில் இல்லை.

தாங்களே ஆப் செய்தவர்கள்

கம்பெனிகளை மட்டும் நம்பாமல் தாங்களே செய்து பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் அனுபவம்தான் நமக்கு முக்கியமான பாடம்.

அமெரிக்காவில் ஆஸ்டின் என்கிற நகரம். ஓட்டுநர்களின் கைரேகையைச் சரிபார்க்க வேண்டும் என்று நகராட்சி விதி போட்டது. 2016 மே மாதம் மக்கள் ஓட்டுப் போட்டதிலும் அந்த விதியே நிலைத்தது. பெரிய கம்பெனிகள் இரண்டும் ஊரை விட்டுப் போய்விட்டன. அடுத்த மாதமே உள்ளூர்க்காரர்கள் 'ரைட்ஆஸ்டின்' என்று லாப நோக்கம் இல்லாத ஆப் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதாவது, ஆப் செய்வது சில வாரத்தில் முடிகிற வேலை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு வருடம் கழித்து மாநில அரசு சட்டத்தை மாற்றியது. பெரிய கம்பெனிகள் திரும்பி வந்தன. ரைட்ஆஸ்டின் அதன்பிறகும் தாக்குப்பிடித்து, 2020-இல் கொரோனா காலத்தில் மூடப்பட்டது.

நியூயார்க்கில் 2021-இல் ஓட்டுநர்களே உறுப்பினர்களாக இருக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆப் தொடங்கியது. கமிஷன் 15 சதவீதம், லாபம் வந்தால் உறுப்பினர்களுக்கே. ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பயணிகளை அவர்கள் பழகிய ஆப்பிலிருந்து இழுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு நோயாளிகளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் ஒப்பந்தச் சவாரிகள் அவர்களுக்குக் கைகொடுத்தன.

கேரளத்தில் 2022 ஆகஸ்டில் அரசே 'கேரள சவாரி' என்ற ஆப்பைத் தொடங்கியது. சேவைக் கட்டணம் 8 சதவீதம்தான். அரசு பின்னால் இருந்தும் எதிர்பார்த்த அளவுக்குப் பயணிகள் பழகவில்லை. பிறகு முறையை மாற்றி மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது.

இப்போது நமக்குப் பக்கத்திலேயே நடந்த கதைக்கு வருகிறேன். 2022-இல் பெங்களூரில் அரசு வைத்திருந்த குறைந்தபட்ச ஆட்டோக் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு ₹30 ஆக இருந்தது. ஆனால் ஆப்பில் பிடித்தால் ₹100 வரை காட்டுகிறது என்று பயணிகள் புகார் சொன்னார்கள். 2022 அக்டோபரில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை, ஆப் கம்பெனிகள் ஆட்டோ சேவையை நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த மாதமே 'நம்ம யாத்ரி' ஆப் வந்தது. ஆட்டோ ஓட்டுநர் சங்கம் ஒரு பக்கம், ஜஸ்பே என்கிற மென்பொருள் நிறுவனம் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து செய்தது. சவாரிக்குக் கமிஷன் கிடையாது. பயணி கொடுப்பது முழுவதும் ஓட்டுநருக்கே. பின்னால் செலவுக்காக ஓட்டுநரிடம் ஒரு நாளைக்கு ₹25, அல்லது ஒரு சவாரிக்கு ₹3.50 என்று வாங்கினார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ₹1,000 சவாரி ஓட்டுகிற பெண்ணிடம் 20 சதவீதம் கமிஷன் பிடித்தால் ₹200 போகும். நாள் கட்டணம் என்றால் ₹25 போகும். மாதம் 25 நாள் ஓட்டினால் வித்தியாசம் ₹4,375. ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு அதில் நிற்கும்.

இந்த முறை பரவியதும் பெரிய கம்பெனிகளும் மாறின. 2024, 2025 ஆண்டுகளில் ஆட்டோவுக்குக் கமிஷனை விட்டுவிட்டு, நாள் சந்தா முறைக்கு ஒவ்வொன்றாக வந்தன. நம்ம யாத்ரியில் சேராத ஓட்டுநருக்கும் அதனால் நன்மை கிடைத்தது.

நம்ம யாத்ரி நிலைத்ததற்குக் காரணம் என்ன? ஆப் வருவதற்கு முன்பே அங்கே ஓட்டுநர் சங்கம் இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் போய்ப் பேசி ஆள் சேர்க்க அதனால் முடிந்தது. பயணி தட்டினால் வண்டி வந்தது. வண்டி வந்ததால் பயணி மறுபடியும் தட்டினார். ஆள் சேர்ந்த பிறகு ஆப் வந்தது. மற்ற இடங்களில் ஆப் முதலில் வந்துவிட்டு, ஆளுக்குக் காத்திருந்தது.

பெண்கள் வந்த வழி

இந்த வரலாற்றில் பெண்களின் பங்கு சிறியது என்று நினைக்க வேண்டாம். 2013-இல் கேரளத்தில் 'ஷீ டாக்ஸி' வந்தது. பெண்கள் ஓட்டும் கார், ஜி.பி.எஸ். பொருத்தியது. 2017-இல் மத்திய அரசு 'ஆஜீவிகா கிராமீண் எக்ஸ்பிரஸ்' திட்டத்தை 250 வட்டாரங்களில் முன்னோட்டமாகக் கொண்டுவந்தது. பஸ் போகாத கிராமங்களுக்கு சுய உதவிக் குழு உறுப்பினர்களே வண்டி ஓட்டுவதற்கான திட்டம் அது. 2025 மார்ச் 8 மகளிர் தினத்தன்று சென்னையில் பிங்க் ஆட்டோக்கள் ஓடத் தொடங்கின. அதற்கு அரசு ₹1 லட்சம் மானியம் கொடுத்தது.

நம்மை அதிகம் யோசிக்க வைப்பது குடும்பஸ்ரீயின் வேலை. 1998-இல் தொடங்கிய கேரளப் பெண்கள் அமைப்பு அது, நம்மைப் போன்றவர்கள்தான். 2024 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் 'லஞ்ச் பெல்' என்று மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையைத் தொடங்கினார்கள். சைவச் சாப்பாடு ₹60, அசைவத்தோடு ₹99. காலையிலேயே ஆப்பில் சொல்லிவிட வேண்டும். மதியம் ஸ்டீல் கேரியரில் போய்ச் சேரும், பிறகு காலி கேரியரைத் திரும்ப எடுத்து வருவார்கள். எத்தனை சாப்பாடு என்று காலையிலேயே தெரிவதால் அரிசி வீணாகாது. ஒரே ஏரியாவின் சாப்பாட்டை ஒரே வண்டியில் கொண்டுபோகலாம். கேட்ட அரை மணியில் சூடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்பட்டு ஓடுவதை விட, இது பெண்களின் சமையலுக்கு ஏற்ற முறை.

சட்டம் என்ன சொல்கிறது

ஆப் நடத்துவது பெட்டிக்கடை வைப்பது போல் அல்ல. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, ஆப் மூலம் சவாரி சேர்த்துக் கொடுப்பவர்கள் மாநில அரசிடம் உரிமம் பெற வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2020-இல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டு நெறிமுறைகளில் உரிமக் கட்டணமே ₹5 லட்சமாக இருந்தது. பிணைத்தொகை தனி. கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் ஓட்டுநருக்குப் போக வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஆப் எழுதும் செலவு போக, சர்வர் வாடகை, வரைபடத்துக்குக் கட்டணம், ஓ.டி.பி. குறுஞ்செய்திக்குக் கட்டணம் என்று மாதாமாதம் செலவு நிற்காது.

இன்னொரு பக்கம் நல்ல செய்தியும் உண்டு. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில்தான் 'கிக் தொழிலாளர்' என்ற பெயர் முதல்முறையாக மத்திய சட்டத்தில் வந்தது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தார்கள். ஆப்பில் ஓட்டுகிற, டெலிவரி செய்கிற நம் உறுப்பினர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நமக்கு எது முதல், எது பிறகு

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் அரசு வழியாக சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதே 1989-இல், அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது யாரும் நமக்கு முதலில் வங்கிக் கடனைக் கொடுத்துவிடவில்லை. முதலில் கூட்டம், அப்புறம் சேமிப்பு, அதன்பின் உள்கடன், பதிவேடு. குழு நின்று காட்டிய பிறகுதான் வங்கி வந்தது. ஆப் விஷயத்திலும் அந்த வரிசைதான் சரி என்று இந்த வரலாறு எனக்குச் சொல்கிறது. மற்றவர்கள் காசு கொட்டித் தேடிய ஆள்பலமும் நம்பிக்கையும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நம்மிடம் இல்லாதது மென்பொருள் மட்டும். அதைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஏற்கெனவே நடக்கிற கமிஷன் இல்லாத ஆப் ஒன்றில் நம் ஓட்டுநர்கள் குழுவாகச் சேரலாம்.

ஆகவே என் யோசனை இது. முதலில் நிலையான சவாரிகளைப் பிடிப்போம். பள்ளிப் பிள்ளைகள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், பேறுகால மாதாந்தரப் பரிசோதனைக்குப் போகும் பெண்கள், சந்தை நாள் சுமை. இவை எந்த நாள், எந்த நேரம் என்று முன்பே தெரிந்தவை. இதற்கு ஒரு போன், ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு பதிவேடு போதும். ஓட்டுகிற சகோதரிகள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளட்டும். சாப்பாட்டுக்கும் அப்படியே. முதல் நாள் இரவே ஆர்டர், அடுத்த நாள் கேரியர். ஆறு மாதம் பதிவேடு ஒழுங்காக ஓடினால், எந்த ஊரில் எத்தனை சவாரி, எந்த நேரத்தில் வண்டி போதவில்லை என்பது நம் கையெழுத்திலேயே தெரியும். அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஆப் செய்கிறவரிடம் பேசினால், நமக்கு என்ன வேண்டும் என்று நாம் சொல்வோம். இல்லாவிட்டால் அவர் விற்பதை நாம் வாங்க வேண்டியிருக்கும்.

அதற்குள் ஒவ்வொரு குழுவும் மேலே சொன்ன நாலு முடிவையும் தங்கள் கூட்டத்தில் பேச வேண்டும். சவாரியை யாருக்குக் கொடுப்பது? தூரத்தைப் பார்த்தா, முறை வைத்தா? கட்டணத்தை யார் வைப்பது? நாள் சந்தா எவ்வளவு இருந்தால் ஓட்டுகிறவரால் தாங்க முடியும்? புகார் வந்தால் யார் முன்னால் விசாரணை, எத்தனை நாளுக்குள் பதில்? இவற்றுக்கு உங்கள் குழுவின் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு, கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். ஆட்டோ ஓட்டுகிற சகோதரி உங்கள் குழுவில் இருந்தால், அவர் வரும் நேரத்துக்குக் கூட்டத்தை வையுங்கள். காலையிலும் மாலையிலும் பள்ளிச் சவாரி இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அவர்கள் கொஞ்சம் உட்காருவார்கள்.